மூன்று ஸ்காட்லாந்து நாவல்கள்: எதை எடுப்பது?

அக்கா மகள் எம்.ஏ. ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஸ்காட்லாந்து வரலாற்று நாவல் ஒன்றை எடுத்து, அதன் கருப்பொருளையும் பாத்திரப் படைப்பையும் பற்றி புராஜெக்ட் எழுத வேண்டுமாம். எந்த நாவல் என்பது அவள் விருப்பம். "மாமா, மூணு பேரு எழுதி வச்சிருக்கேன். எதை எடுக்கட்டும்?" என்று போனில் கேட்டாள். வால்டர் ஸ்காட்டின் 'வேவர்லி', அவருடைய 'தி ஹார்ட் ஆஃப் மிட்லோதியன்', ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சனின் 'கிட்னாப்ட்'. மூன்றும் எனக்கு நெருக்கமானவை. உடனே பதில் சொல்ல வரவில்லை. ஒரு வாரம் மூன்றையும் மறுபடி புரட்டிவிட்டு அவளிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். புராஜெக்ட் எதுவும் இல்லாமல், ஒரு நல்ல நாவல் படிக்கலாமே என்று நினைப்பவர்களுக்கும் இது உதவும்.

ஸ்காட் என்றதும் நம்மில் பலருக்கு 'ஐவன்ஹோ' நினைவுக்கு வரும். அது இங்கிலாந்தில் நடக்கும் கதை, இங்கே பொருந்தாது. 'ராப் ராய்' பெயர் பெற்றதுதான். ஆனால் அந்த நாவலில் ராப் ராய் தன் சொந்தப் பெயரில் வர வெகுநேரம் காத்திருக்க வேண்டும். 'ஓல்ட் மார்ட்டாலிட்டி' அருமையான நாவல். ஆனால் 1679-இன் மதச் சண்டைகளைப் பற்றி முதலிலேயே நிறையத் தெரிந்திருந்தால்தான் உள்ளே போக முடியும். ஆகவே அவள் எழுதி வைத்த மூன்றும் சரியான மூன்றுதான்.

ஒன்றைக் கவனித்தேன். 'ஹார்ட் ஆஃப் மிட்லோதியன்' 1736-இல் தொடங்குகிறது, 'வேவர்லி' 1745-இன் கதை, 'கிட்னாப்ட்' 1751. எழுதப்பட்ட ஆண்டுகள் விலகியிருந்தாலும் (1818, 1814, 1886) மூன்றும் ஏறக்குறைய 15 ஆண்டு இடைவெளிக்குள் நடக்கும் கதைகள். 1707-இல் ஸ்காட்லாந்து தன் நாடாளுமன்றத்தை விட்டுக்கொடுத்து இங்கிலாந்தோடு இணைந்தது. நாட்டை இழந்த ஸ்டூவர்ட் அரச குடும்பத்தை மறுபடி அரியணையில் ஏற்ற நினைத்தவர்களுக்கு ஜேக்கபைட்டுகள் என்று பெயர். 1745-இல் இளவரசர் சார்லஸ் எட்வர்ட் மலைநாட்டுக் குலங்களைத் திரட்டிக் கிளர்ந்தார். 1746 ஏப்ரல் 16-இல் கல்லோடன் களத்தில் எல்லாம் முடிந்தது. இவ்வளவு தெரிந்தால் போதும், மூன்றையும் படித்துவிடலாம்.

அவளிடம் நான் வைத்த அளவுகோல் ஒன்றே ஒன்று. கதையின் மிகக் கடினமான நிமிடத்தில், நடுவில் நிற்கும் மனிதர் தானே முடிவெடுக்கிறாரா? அந்த முடிவுதான் நாவலின் கருப்பொருளாகவும் ஆகிறதா? கருப்பொருளுக்கு ஓர் அத்தியாயம், பாத்திரப் படைப்புக்கு ஓர் அத்தியாயம் என்று பிரித்து எழுதும் பழக்கம் நம் கல்லூரிகளில் உண்டு. நல்ல நாவலில் இரண்டையும் அப்படிப் பிரிக்கவே வராது.

'வேவர்லி'யை முதலில் எடுத்துக்கொள்வோம். வரலாற்று நாவல் என்ற வடிவத்துக்கே இதிலிருந்துதான் தொடக்கம் என்று இலக்கிய வரலாறுகள் சொல்லும். ஸ்காட் 1805 வாக்கில் தொடங்கிப் போட்டுவிட்டு, தூண்டில் சாமான் தேடும்போது பழைய மேசைக்குள் கையெழுத்துப் பிரதி கிடைத்து, பிறகு முடித்தாராம். 1814 ஜூலையில் பெயர் போடாமல் வெளியிட்டார்.

எட்வர்ட் வேவர்லி ஆங்கிலேய இளைஞன். பெரியப்பாவின் மாளிகை நூலகத்தில் கண்டதையெல்லாம் படித்துக் கனவிலேயே வளர்ந்தவன். அரசப் படையில் கேப்டனாகி ஸ்காட்லாந்துக்கு வருகிறான். விடுப்பில் பெரியப்பாவின் நண்பர் பிராட்வார்டின் பிரபு வீட்டுக்குப் போகிறான். அங்கிருந்து மலைநாடு, அங்கே குலத்தலைவன் ஃபெர்கஸ் மக்-ஐவர், அவன் தங்கை ஃப்ளோரா. கொஞ்சம் காதல், கொஞ்சம் கோபம், கொஞ்சம் பிறர் சூழ்ச்சி எல்லாம் சேர்ந்து, எந்த அரசருக்குச் சத்தியம் செய்தானோ அவருக்கு எதிரான படையில் போய் நிற்கிறான்.

இவனைப் பற்றி ஸ்காட்டுக்கே நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஃப்ளோரா இவனைக் கட்டியிருந்தால் கணப்பு மாடத்தில் பொம்மையாக வைத்திருப்பாள் என்று நண்பருக்கு எழுதினார். பின்னால் வந்த விமர்சகர் லூகாச், இந்த நடுத்தரமான நாயகன் வேண்டுமென்றே வைக்கப்பட்டவன் என்று வாதாடினார். இரண்டு முகாம்களுக்கும் போய்வர முடிகிற ஆள் இருந்தால்தானே வாசகனும் இரண்டையும் பார்க்க முடியும்? வாதம் சரிதான். ஆனாலும் 72 அத்தியாயம் இவனோடு நடக்க வேண்டியவர்கள் நாம்தான்.

இந்த நாவலின் உயிர் ஓரத்தில் நிற்பவர்களிடம் இருக்கிறது. அந்தக் கிளர்ச்சியின் முதல் பெரிய போரான பிரஸ்டன்பான்ஸ் போருக்கு முன்பு ஒரு குடிசையில் ஹௌட்டன் என்ற சிப்பாய் சாகக் கிடக்கிறான். வேவர்லியின் பெரியப்பா பண்ணையிலிருந்து இந்தச் சின்ன எஜமானரை நம்பிப் படையில் சேர்ந்தவன். வேவர்லியின் முத்திரையைத் திருடிய ஒருவன் அதைக் காட்டி நம்பவைத்ததில், கலகத்தில் சிக்கிக்கொண்டவன். எஜமானரைப் பார்த்ததும் அவன் கேட்பது ஒரே கேள்வி: எங்களை ஏன் விட்டுப் போனீர்கள்? வேவர்லியிடம் பதில் இல்லை. கனவு காண்கிற பணக்காரப் பிள்ளைக்காக யார் யார் சாகிறார்கள் என்பது அந்தக் குடிசையில் தெரிந்துவிடுகிறது.

இன்னொன்று கார்லைல் ஊர் நீதிமன்றம். ஃபெர்கஸுக்கு மரண தண்டனை. அவனுடைய ஆள் ஈவன் டூ எழுந்து, தலைவரை விட்டுவிடுங்கள், பதிலுக்கு நானும் இன்னும் ஐந்தாறு பேரும் வந்து தூக்கில் ஏறுகிறோம், ஊருக்குப் போய் நானே கூட்டி வருகிறேன் என்கிறான். கூட்டத்தில் சிரிப்பு. அவன் திரும்பிச் சொல்வதன் சாரம் இது: என்னைப் போன்ற ஏழையின் உயிர் தலைவரின் உயிருக்கு ஈடாகாது என்று சிரித்தால் சரி. போனவன் திரும்பி வரமாட்டேன் என்று நினைத்துச் சிரித்தால், மலைநாட்டான் மனசும் உங்களுக்குத் தெரியாது, கண்ணியமும் தெரியாது. சிரிப்பு அடங்கிவிடுகிறது. எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் நான் புத்தகத்தைக் கீழே வைத்துவிடுவேன்.

ஆனால் கல்லோடன் வரும்போது வேவர்லி எங்கே? அதற்கு முன்பே ஒரு சிறு சண்டையில் படையைத் தவறவிட்டு, ஒரு விவசாயி வீட்டில் ஒளிந்திருந்தவன், அந்தப் போரில் இல்லவே இல்லை. கடைசியில் மன்னிப்பும் கிடைக்கிறது, பிராட்வார்டின் மகள் ரோஸும் கிடைக்கிறாள், சொத்தும் கிடைக்கிறது. ஃபெர்கஸும் ஈவனும் செத்துப் போகிறார்கள். பழைய வீட்டைப் புதுப்பித்து, மலைநாட்டு உடையில் வேவர்லியும் ஃபெர்கஸும் நிற்கும் பெரிய ஓவியம் ஒன்றை மாட்டுகிறார்கள். கிளர்ச்சி அத்தனை சீக்கிரம் சுவர்ச் சித்திரம் ஆகிவிடுகிறது. அழிந்துபோன ஓர் உலகத்துக்கு எழுதிய இரங்கல் இது என்ற கருப்பொருளை எழுத விரும்புகிறவர்களுக்கு இந்த ஓவியம் ஒன்றே போதும். பாத்திரப் படைப்பு என்று வந்தால், நாயகன் எடுத்த முடிவு என்று காட்ட இந்த நாவலில் அதிகம் இல்லை. எல்லாம் அவனுக்கு நேர்கிறது. என் அளவுகோலில் 'வேவர்லி' பின்தங்குவது இதனால்தான். முதல் சில அத்தியாயங்கள் மெதுவாகப் போகும் என்பதையும் சொல்ல வேண்டும். பழைய அரசியலைப் பேசி அலுப்பூட்டுவதற்கு ஸ்காட்டே அங்கே வாசகரிடம் மன்னிப்புக் கேட்கிறார்.

'கிட்னாப்ட்' அதற்கு நேர் எதிர். முப்பதே அத்தியாயம், எடுத்தால் வைக்க முடியாது. ஒரு சிறுவர் வார இதழில் தொடராக வந்ததால் இதைச் சின்னப் பிள்ளைகள் புத்தகம் என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

டேவிட் பால்ஃபர் மலைநாட்டுக்குத் தெற்கே உள்ள தாழ்நிலத்துப் பையன், அப்பா இறந்ததும் சித்தப்பா வீட்டைத் தேடிப் போகிறான். சொத்துக்காகச் சித்தப்பா அவனைக் கப்பலில் ஏற்றி அடிமையாக விற்க ஏற்பாடு செய்கிறார். அந்தக் கப்பலில் வந்து சேர்கிறான் ஆலன் பிரெக் ஸ்டூவர்ட், தோற்றுப்போன மலைநாட்டு ஜேக்கபைட். டேவிட் அப்போது ஆண்ட அரசர் ஜார்ஜ் பக்கத்தவன், கணக்குப் பார்ப்பவன், மனசாட்சி உறுத்தினால் தூங்காதவன். ஆலன் ஆடம்பரக்காரன், வாய்ச்சவடால், சண்டையென்றால் சந்தோஷம். கப்பலில் இருவரும் சேர்ந்து மாலுமிகளை அடித்து விரட்டியதும் ஆலன் அங்கேயே உட்கார்ந்து தன் வாளின் வீரம் பற்றி, கேலிக் (Gaelic) என்ற மலைநாட்டு மொழியில் ஒரு பாட்டுக் கட்டுகிறான். அதில் டேவிட் பெயரே இல்லை. உடனே தன் சட்டையிலிருந்து வெள்ளிப் பொத்தான் ஒன்றை அறுத்து அவனுக்குக் கொடுத்தும் விடுகிறான். அந்த ஒரு பக்கத்தில் ஆலன் முழுசாக வந்துவிடுகிறான்.

இதில் வரலாறும் உண்டு. 1752 மே மாதம் காலின் கேம்பல் என்பவர், ஜேக்கபைட்டுகளிடமிருந்து பறித்த நிலங்களுக்கு அரசாங்கம் வைத்த நிர்வாகி, மலைநாட்டு ஆப்பின் பகுதியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கொலைக்காக ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்பவரை, சுட்டவர் அவரல்ல என்று தெரிந்தே தூக்கிலிட்டார்கள். விசாரணைக்குத் தலைமை தாங்கியவர் கேம்பல் குலத்தலைவரான ஆர்கைல் பிரபு, நடுவர் குழு 15 பேரில் 11 பேர் கேம்பல்கள். ஸ்டீவன்சன் கொலையை ஓராண்டு முன்னே தள்ளி 1751-இல் வைத்துக்கொண்டார். மலைநாட்டு உடை தடைசெய்யப்பட்ட காலம் அது. அரசாங்கம் உடுத்தச் சொன்ன கால்சட்டையை உடுத்தாமல் முதுகில் சுமந்துகொண்டு போகிறவர்களை டேவிட் பார்க்கிறான். குடியானவர்கள் அரசருக்கு ஒரு வாடகையும், நாடு கடந்து வாழும் தங்கள் தலைவருக்கு இன்னொரு வாடகையும் கொடுக்கிறார்கள். தோற்றவர்களின் விசுவாசத்தை இவ்வளவு எளிமையாக வேறு யாரும் காட்டி நான் படித்ததில்லை.

ஆனால் நாவலின் உச்சம் கொலையில் இல்லை, இருவருக்கும் வரும் சண்டையில் இருக்கிறது. டேவிட் காய்ச்சலில் கிடக்கும்போது ஆலன் அவன் பணத்தை வாங்கிச் சீட்டாடித் தோற்றுவிடுகிறான். அதன் பிறகு மலையில் நாள்கணக்கில் பேச்சே இல்லாத நடை. டேவிட் உள்ளுக்குள் புழுங்கி, கடைசியில் ஆலனின் குலத்தைக் கேவலமாகப் பேசி வாளை உருவுகிறான். ஆலனும் உருவுகிறான், ஆனால் முடியாது முடியாது என்று கீழே எறிந்துவிடுகிறான். டேவிட்டுக்குக் கோபம் வடிந்துபோகிறது. மன்னிப்புக் கேட்டாலும் பேசிய பேச்சு அழியாது என்று அவனுக்குத் தெரிகிறது. நீ உதவாவிட்டால் நான் இங்கேயே செத்துவிடுவேன் என்கிறான். உண்மையிலேயே முடியாமல்தான் இருக்கிறான், நடிக்கத் தேவையே இல்லாமல் குரல் அழுகிறது. ஆலன் ஓடிவந்து தாங்கிக்கொள்கிறான். ஒரு நாட்டின் இரண்டு பாதிகள் எப்படிச் சேர்ந்து வாழ முடியும் என்ற கேள்வி, ஈரமான மலைச்சரிவில் ஒரு பையன் உதவி கேட்பதாக இறங்கி வந்துவிடுகிறது. என் அளவுகோலுக்கு இது நன்றாகவே பொருந்துகிறது.

பிறகு என்ன குறை? பெண்களே கிட்டத்தட்ட இல்லை. இரவில் படகு வலித்து இவர்களை அக்கரை சேர்க்கும் பெண் ஒருத்தி வருகிறாள், மனசில் நிற்கிறாள், போய்விடுகிறாள். முடிவும் சட்டென்று நின்றுவிடும். மீதிக்கதைக்கு 1893-இல் வந்த 'கட்ரியோனா'வைத் தேட வேண்டும். 80 பக்கம் எழுத வேண்டிய மாணவிக்கு விஷயம் போதாமல் போகலாம். படிக்க மட்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம், இதிலிருந்து தொடங்குங்கள்.

இனி 'தி ஹார்ட் ஆஃப் மிட்லோதியன்'. இது எடின்பரோவின் பழைய சிறையின் செல்லப்பெயர். அந்தக் கட்டடத்தை 1817-இல் இடித்துவிட்டார்கள். அதன் கதவை ஸ்காட் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். சிறை நின்ற இடத்தில், செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்துக்கு வெளியே, இதய வடிவில் கற்கள் பதித்திருக்கிறது. இன்றும் ஊர்க்காரர்கள் அதன்மேல் துப்பிவிட்டுப் போவார்கள்.

நாவல் ஓர் உண்மைக் கலவரத்தோடு தொடங்குகிறது. ஒரு தூக்குத்தண்டனையின்போது கூட்டத்தின் மேல் சுட்ட காவல் கேப்டன் போர்ட்டியஸுக்கு மரண தண்டனை விதிக்கப்படுகிறது. ராணி கரோலின் அதைத் தள்ளிவைக்கிறார். ஊர் கொதிக்கிறது. 1736 செப்டம்பர் 7 இரவு மக்கள் சிறைக் கதவை எரித்து உள்ளே போய் அவரை இழுத்துவந்து தூக்கிலிடுகிறார்கள். கயிறு எடுத்த கடையில் அதற்கான காசை வைத்துவிட்டுப் போகிறார்கள். வெறிபிடித்த கும்பல் இப்படிக் கணக்குத் தீர்க்குமா? இது தன்னை நீதிமன்றமாகவே நினைத்துக்கொண்ட ஊர்.

அன்று இரவு சிறையின் கதவுகள் திறந்தே கிடக்கின்றன. உள்ளே இருப்பவள் எஃபி டீன்ஸ், பிறந்த குழந்தையைக் கொன்றதாகக் குற்றச்சாட்டு. காதலன் ஓடிவந்து கூப்பிட்டும் வெளியே வர மறுக்கிறாள். மானம் போனபின் உயிர் எதற்கு என்கிறாள். அவள்மேல் பாய்ந்த சட்டம் 1690-இல் வந்தது. கர்ப்பத்தை மறைத்து, பிரசவத்துக்கு யாரையும் அழைக்காமல், குழந்தையும் காணாமல் போனால் கொலை என்றே கொள்ளலாம். உடல் கிடைக்க வேண்டியதில்லை. ஆனால் யாரிடமாவது சொல்லியிருந்தால் சட்டம் பாயாது. அக்கா ஜீனி நீதிமன்றத்தில் "என்னிடம் சொன்னாள்" என்று இரண்டு வார்த்தை சொன்னால் எஃபி வீட்டுக்கு வந்துவிடலாம்.

எஃபி சொல்லவில்லை. ஜீனி பொய் சொல்லமாட்டாள்.

இப்படிச் சொன்னால் ஜீனி கல்நெஞ்சக்காரி மாதிரி தோன்றும். ஸ்காட் அப்படித் தோன்றவிடாமல் பார்த்துக்கொள்ளும் ஓர் இடத்தை அக்கா மகளிடம் போனிலேயே வாசித்துக் காட்டினேன். அப்பா டேவிட் டீன்ஸ் பால்மாடு வைத்துப் பிழைக்கும் கிழவர், பழைய கடும் மதப்பற்றாளர். தன் மதம் ஏற்காத அரசாங்கத்தின் நீதிமன்றத்தில் போய்ச் சாட்சி சொல்வதே பாவமா என்பதுதான் அவர் கவலை. மகளைக் காப்பாற்ற அந்தக் கொள்கையைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு, உன் மனசாட்சிப்படி செய் என்று ஜீனியிடம் தயங்கித் தயங்கிச் சொல்கிறார். ஜீனி வேறு மாதிரி புரிந்துகொள்கிறாள். பொய் சொல்லச் சொல்கிறாரா, என் அப்பாவா, என்று திகைக்கிறாள். ஒருவர்மேல் ஒருவர் உயிராக இருக்கும் இருவர் ஒரே அறையில் நின்று ஒரே வார்த்தையை வேறு வேறாகக் கேட்கிறார்கள். விளக்கிக்கொள்ளவும் வாய் வரவில்லை. இந்த ஒரு காட்சியை வைத்தே பாத்திரப் படைப்பு பற்றி ஓர் அத்தியாயம் எழுதலாம்.

நீதிமன்றத்தில் வக்கீல் கேட்கிறார்: உடம்புக்கு என்ன என்று கேட்டபோது தங்கை என்ன சொன்னாள்? என்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்கிறாள் ஜீனி. கிழவர் மயங்கி விழுகிறார். எஃபிக்கு மரண தண்டனை.

அதன்பிறகுதான் ஜீனி யார் என்று தெரிகிறது. பொய் சொல்லாதவள், தங்கைக்காக எடின்பரோவிலிருந்து லண்டனுக்குக் கிளம்புகிறாள். சுமார் 640 கிலோமீட்டர், பெரும்பகுதி நடந்தே. செருப்பில்லாமல்தான் கிளம்புகிறாள், ஷூவைக் கையோடு கொண்டுபோகிறாள். இங்கிலாந்துக்குள் போனதும் ஊரார் கேலி செய்வதால் போட்டுக்கொள்கிறாள். நடப்பதற்கு ஷூவைத் தேய்ப்பது அவளுக்கு வீண்செலவு. லண்டனில் அன்றைய ஆர்கைல் பிரபு ('கிட்னாப்ட்' பற்றிச் சொன்னபோது வந்தவர் அல்ல, அவருக்கு முந்தையவர்) அவளை ராணி கரோலினிடம் அழைத்துப் போகிறார். எதிரே நிற்பவர் ராணி என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சாகும் நேரத்தில் நமக்காகச் செய்துகொண்டது நினைவுக்கு வராது, பிறருக்காகச் செய்ததுதான் நிம்மதி தரும் என்று தன் ஊர்ப் பேச்சிலேயே சொல்கிறாள். மன்னிப்பு கிடைக்கிறது. கொஞ்ச நேரத்தில் அதே பிரபுவிடம் மாடுகளைப் பற்றியும் தங்கள் பக்கத்துப் பாலாடைக்கட்டி பற்றியும் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருக்கிறாள்.

போர்ட்டியஸின் தண்டனையைத் தள்ளிவைத்து ஊரைக் கொதிக்கவைத்த அதே ராணிதான் இங்கே எஃபிக்கு உயிர்ப்பிச்சை கொடுக்கிறார். கருணை ஓரிடத்தில் அநியாயமாகவும் இன்னோரிடத்தில் நியாயமாகவும் ஆகிறது. அக்கா பொய் சொல்ல மறுக்கிறாள், தங்கை ஓட மறுக்கிறாள். சட்டம், நீதி, கருணை என்ற பெரிய சொற்கள் எல்லாம் ஒரு பால்காரர் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. ஸ்காட் காலத்து நாவல்களில் நடுநாயகமாக இப்படி ஒரு குடியானவப் பெண், அழகியும் இல்லை, பிரபு மகளும் இல்லை, நிற்பது அபூர்வம்.

ஜீனிக்கு அசல் உண்டு. ஹெலன் வாக்கர் என்ற ஏழைப் பெண் இதேபோல் பொய் சொல்ல மறுத்து, லண்டன் வரை நடந்து தங்கையை மீட்டவர். பெயர் போடாத ஒரு கடிதம் மூலம் ஸ்காட்டுக்கு இந்தக் கதை கிடைத்தது. 1831-இல், தான் இறப்பதற்கு முந்தைய ஆண்டு, அயர்ன்கிரே கல்லறையில் ஹெலனுக்கு ஸ்காட் கல் நாட்டினார்.

குறையையும் மறைக்கக் கூடாது. கடைசிக் கால்பகுதி தேவையில்லாத நீளம். எஃபி பெரிய இடத்துச் சீமாட்டி ஆவதும், தொலைந்த குழந்தை வளர்ந்து செய்வதும் நம்பும்படி இல்லை. டேவிட் டீன்ஸின் மத வாதங்களைப் பொறுமையோடு கடக்க வேண்டும். ஸ்காட்ஸ் பேச்சுமொழி மூன்று நாவல்களிலும் உண்டு, இதில்தான் அதிகம். முதல் 50 பக்கம் கடினமாக இருக்கும், வாய்விட்டு வாசித்தால் காதுக்குப் பிடிபட்டுவிடும். நான் அப்படித்தான் பழகினேன்.

அக்கா மகளிடம் சொன்னேன்: "ஜீனியை எடுத்துக்கோ. கலவரத்தை அவசரப்படாம படி, கோர்ட் சீனை ரெண்டு தடவை படி, கடைசிப் பகுதியை வேகமாப் படி. அதில் ஏன் நாவல் தளர்ந்துபோகுதுன்னு எழுதினாலே ஓர் அத்தியாயம் ஆச்சு. செமஸ்டர் லீவுல 'கிட்னாப்ட்' படிச்சுக்கலாம்."

"வேவர்லி, மாமா?"

"அந்தக் கார்லைல் கோர்ட்டை மட்டும் இப்பவே படிச்சிடு. ஒரு கோர்ட்டுல ஈவன், இன்னொரு கோர்ட்டுல ஜீனி. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாரு."

நேற்று இரவு மெசேஜ் அனுப்பியிருந்தாள். ஜீனியோடு யார்க் வரை வந்துவிட்டாளாம்.